காளை இல்லாத ரிஷபவாகனரும் உங்கள் மகளின் எம்.ஏ.வும்

வணக்கம் அம்மா. பி.ஏ. வரலாறு முடிக்கப்போகும் மகள் அருங்காட்சியகக் கல்விப் பிரிவுக்குத்தான் போவேன் என்கிறாள். "கைடு வேலைக்கு எதுக்கு எம்.ஏ.?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். சரி, அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன் இருக்கிறார், பார்த்திருப்பீர்கள். 1011ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, காலை மாற்றி வைத்து, ஒரு கையை எதன் மேலோ சாய்த்தாற்போல் நிற்கிறார். சாய்வதற்கான காளையைத்தான் காணோம்.

ஒருமுறை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு அங்கே நின்றேன். கூட வந்த ஆசிரியர் "சோழர் காலம், பதினோராம் நூற்றாண்டு, எழுதிக்கோங்க" என்றார். அத்தனை பேரும் நோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். சிலையை ஒருவரும் பார்க்கவில்லை. அப்புறம் நான், "இவர் ஏன் கையை இப்படி வெச்சிருக்கார்?" என்று மட்டும் கேட்டேன். "பஸ் கம்பில சாஞ்சு நிக்கிறார்" என்றான் ஒரு பையன். சிரிப்பு அடங்கியதும் ஒரு சிறுமி அதே மாதிரி கையை வைத்து நின்று பார்த்தாள். "பக்கத்துல என்னமோ இருந்திருக்கு சார், இவ்ளோ உயரம்" என்று தன் தோளருகே காட்டினாள். வெறும் காற்றில் காளை வந்து நின்றுவிட்டது. உங்கள் மகள் கேட்கும் வேலை இதுதான்.

இதற்கு முறைகளும் இருக்கின்றன. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவுத் தலைவராக இருந்த பிலிப் எனவைன், உளவியலாளர் அபிகெயில் ஹவுசனோடு சேர்ந்து மூன்று கேள்விகளை வைத்து ஒரு முறையை உருவாக்கினார். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் உயிர். ஆனால் நம் திருமேனிகளுக்குக் கேள்விகள் மட்டும் போதாது. இது வீதியுலா போன சாமி, பட்டும் மாலையும் சாத்தியபின் முகம்தான் தெரியும், இப்படி மொத்த உருவமும் தெரிய நிற்பது இங்கேதான் என்பதை விவரம் தெரிந்த ஒருவர் சரியான நேரத்தில் சொல்ல வேண்டும். எம்.ஏ. அதற்குத்தான்.

பிரிவுக்குத் தலைமை ஏற்பது இன்னொரு கதை. அப்போது பிள்ளைகளோடு நிற்கும் நேரம் குறையும். தன்னார்வலர்களுக்குப் பயிற்சி, பள்ளிகளோடு தேதி பேசுவது, பட்ஜெட், நூறு பிள்ளைகள் வந்தால் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்பது, அப்புறம் சிலைக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்க லேபிள். லேபிளில் காப்பாட்சியருக்கு (கியூரேட்டர்) இருநூறு சொல் வேண்டும், உங்கள் மகள் ஐம்பதில் நிற்க வேண்டும் என்பாள். அந்தச் சண்டையைப் பகையாக்காமல் நடத்தத் தெரிய வேண்டும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் கில்மன், 1916இலேயே ஓர் ஆளைக் குனிந்தும் நெளிந்தும் காட்சிப் பொருட்களைப் பார்க்க வைத்துப் புகைப்படம் எடுத்து, பார்வையாளர்களுக்கு வரும் அருங்காட்சியகக் களைப்பு பற்றிக் கட்டுரை எழுதினார். நூறு வருடம் ஆகியும் முழங்கால் உயரத்தில் லேபிள் ஒட்டுகிறோம். பார்வையற்றவர்களுக்கு என்ன செய்வது என்பதும் இவள் பொறுப்புதான். டெல்லி தேசிய அருங்காட்சியகம் 2015இல் தொட்டுப் பார்க்கும் பிரதிகளோடு ஒரு கூடமே திறந்தது.

படிப்புக்கு, பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகவியல் துறை 1952 முதல் நடக்கிறது. தேசிய அருங்காட்சியக நிறுவனம் இப்போது இந்தியப் பாரம்பரிய நிறுவனம் என்ற பெயரில் நொய்டாவில் இருக்கிறது. அங்கே கலை வரலாறும் உண்டு, அருங்காட்சியகவியலும் உண்டு. கல்விப் பிரிவுதான் இலக்கு என்றால், இரண்டில் எதை எடுத்தாலும் பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வருட அனுபவம் கூடவே சேர வேண்டும். அது இல்லாத பட்டத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை.

வேலை? மறைக்காமல் சொல்கிறேன், இடங்கள் குறைவு. அரசுக் காப்பாட்சியர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு உண்டு, ஆனால் வருடாவருடம் வருவதில்லை. அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. அருங்காட்சியகவியலில் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) தேறினால் கற்பித்தலுக்கும் ஒரு கதவு திறக்கும். முட்டுக்காடு தட்சிணசித்ரா, 2023இல் கட்டடம் திறந்த பெங்களூரு கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம், குழந்தைகளுக்கெனத் தனி அருங்காட்சியகம் வைத்திருக்கும் மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயா, கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சி போன்ற இடங்களில்தான் தொடக்கம் கிடைக்கும். பெரும்பாலும் ஒப்பந்த வேலை, சம்பளமும் ஆரம்பத்தில் கைக்கும் வாய்க்குமாகத்தான் இருக்கும். தலைமைப் பொறுப்புக்கு எட்டுப் பத்து வருடம் ஆகலாம். அந்த வருடங்களை வீடு தாங்குமா என்று நீங்களும் அவளும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தாங்காது என்றால் கையோடு பி.எட். முடிக்கட்டும், அதில் நஷ்டமில்லை.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று. நீங்கள் கும்பகோணத்தில் இருக்கிறீர்கள், தஞ்சாவூர் ஒரு மணி நேரச் சொச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு நீங்களும் மகளும் போய்வாருங்கள். ஒரே சிலை, அரை மணி நேரம், அவள் பிரசங்கம் செய்யக் கூடாது. நீங்கள் ஓரமாக நின்று பிள்ளைகளின் கண் எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். திரும்பி வந்ததும் அந்தச் சிலைக்கு ஐம்பது சொல்லில் ஒரு லேபிளைத் தமிழிலேயே எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.