முதுகைக் காட்டிப் படுத்தால் பாசம் குறைந்துவிட்டதா?

கேள்வி: கல்யாணமாகி நாலு வருஷம். முன்பெல்லாம் கட்டிப்பிடித்துத் தூங்கியவர், இப்போது எனக்கு முதுகைக் காட்டிப் படுக்கிறார். இது விரிசலின் அறிகுறி என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?
– வாசகி, ஈரோடு

பதில்: அந்த வீடியோவை விடுங்கள். 2014-ல் பிரிட்டன் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் சுமார் 1,000 பேரிடம் இதைப் பற்றிக் கேட்டார். 42 சதவீதம் பேர் உங்கள் வீட்டுக்காரரைப் போல முதுகுக்கு முதுகாகத்தான் படுக்கிறார்கள். முகம் பார்த்துத் தூங்குவோர் வெறும் 4 சதவீதம். தொட்டுக்கொண்டு தூங்குவோரில் 94 சதவீதமும், தொடாதவர்களில் 68 சதவீதமும் உறவில் மகிழ்ச்சி என்றார்கள். தொடுவதால் மகிழ்ச்சியா, மகிழ்ச்சியால் தொடுகிறார்களா என்பது இப்படிக் கேட்பதில் தெரியவராது.

ஈரோட்டு வெயிலையும் கணக்கில் எடுங்கள். தூக்கம் பிடிக்க உடம்புச் சூடு கொஞ்சம் தணிய வேண்டும். ஒட்டிப் படுத்தால் தணியாது. 5 அடி அகலக் கட்டிலில் ஆளுக்கு 30 அங்குலம். நடுவில் குழந்தை படுத்தால் 20-தான். இலவம்பஞ்சு மெத்தை நடுவில் குழிந்திருந்தால், பள்ளத்தில் சரியாமலிருக்க ஆள் தானாகவே ஓரத்துக்குத் திரும்புவார். மெத்தையைப் புரட்டிப் போட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு போர்வை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத் தோள் வலிக்கிறதா என்றும் கேளுங்கள். வலிக்கும் தோளை அழுத்தி யாரும் படுக்க மாட்டார்கள்.

விளக்கணைத்ததும் பத்து நிமிஷம் அருகில் படுத்துப் பேசுங்கள். அப்புறம் யார் எந்தப் பக்கம் திரும்பினால் என்ன? பகலிலும் பேச்சு குறைந்திருந்தால் மட்டும் அவரிடமே நேராகக் கேளுங்கள்.

கேள்வி: மனைவி என் கையில் தலை வைத்துத்தான் தூங்குவாள். காலையில் கை மரத்துப்போகிறது. ஆபத்தா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கையை உதறினால் சில நிமிஷத்தில் சரியாகிவிடும் என்றால் பயமில்லை. ஆனால் மேற்கையில் எலும்பை ஒட்டி ரேடியல் நரம்பு ஓடுகிறது. மணிக்கணக்கில் தலை அதை அழுத்தினால், மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிப்போகும். ‘ஹனிமூன் பால்சி’ என்று மருத்துவர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்! பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். இருந்தாலும் அப்படி ஆனால் உடனே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். குடித்துவிட்டோ தூக்க மாத்திரை போட்டோ படுக்கும் இரவில் ஆபத்து கூடுதல். வலித்தாலும் விழிப்பு வராது. மனைவியின் தலையைக் கையிலிருந்து தோளுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட பகுதிக்கு நகர்த்துங்கள். கண் சொக்கும்போது கையை உருவிவிட்டு, அங்கே தலையணையை வையுங்கள்.