ஞாயிறு மதியம் 2 மணிச் சாப்பாடு: கேளுங்க, சொல்றேன்

நியூஜெர்சியில் ஒரு இத்தாலிய-அமெரிக்க வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு 18 வருஷம் ஆகுது. மாமியாரின் பூர்வீகம் நேப்பிள்ஸ் பக்கம். வந்த கேள்விகளும் என் பதில்களும்:

அக்கா, "சண்டே கிரேவி" நம்ம குழம்பு மாதிரியா?

கிட்டத்தட்ட. ஆனா அதுக்குத் தக்காளிதான் உயிர். பன்றி விலா, சாசேஜ், இறைச்சி உருண்டை, நூல் கட்டிச் சுருட்டின மாட்டிறைச்சியான பிராச்சோலே, எல்லாத்தையும் ஆலிவ் எண்ணெயில் சிவக்க வறுத்து எடுத்துடணும். அதே சட்டியில் பூண்டை வதக்கி, தக்காளி ஊத்தி, அடியில் ஒட்டினதைச் சுரண்டிவிட்டு, கறியைத் திரும்பப் போட்டு மூணு நாலு மணி நேரம் சிறு தீயில் விடணும். தளதளன்னு கொதிக்கக் கூடாது, அங்கொண்ணும் இங்கொண்ணுமா குமிழி வந்தாப் போதும். முதலில் அந்தச் சாறில் பிரட்டின பாஸ்தா வரும். அப்புறம்தான் கறி, தனித் தட்டில். சாலட் கடைசியில். சில வீடுகளில் இதை "சாஸ்" என்பாங்க. மாமியார் முன்னால் நான் அப்படிச் சொன்னது ஒரே ஒரு தடவைதான்.

இத்தாலி முழுக்கச் சுத்தினேன், ஸ்பகெட்டி மேல மீட்பால் எங்கேயும் இல்லையே?

அது அமெரிக்காவில் பிறந்த பிள்ளைங்க. 1880 முதல் 1924 வரை கப்பலேறி வந்த சுமார் 40 லட்சம் பேரில் பெரும்பாலோர் தெற்கத்தி ஏழைகள். ஊரில் கறின்னா பண்டிகைக்குத்தான். இங்கே கூலிக்காரன் வீட்டுக்கும் அது கட்டுப்படியாச்சு, உருண்டையும் பெருத்துப்போச்சு. தக்காளிச் சாறும் சீஸும் போட்டுச் செய்யற கத்தரிக்காய் பார்மிஜானா சிக்கன் பார்மிஜானாவா ஆனதும் அப்படித்தான்.

"கபகூல்"னா என்ன?

கப்பக்கோலா, பதப்படுத்தின பன்றிக் கழுத்துக்கறி. தெற்கத்திப் பேச்சு வழக்கில் கடைசி உயிரெழுத்தை முழுங்கிடுவாங்க.

கிறிஸ்துமஸுக்கு ஏழு மீனாமே?

டிசம்பர் 24 ராத்திரி. கத்தோலிக்கர் அன்னைக்குக் கறி தொடாத பழைய வழக்கத்திலிருந்து வந்தது. ஏன் ஏழுன்னு கேட்டா வீட்டுக்கொரு கதை. ஞானஸ்நானம், திருமணம் மாதிரியான கத்தோலிக்கச் சடங்குகள், ஏழு அருட்சாதனங்கள்னு மாமியார் சொல்வார். மச்சினர் எண்ணிப் பார்த்து ஒன்பதுன்னு சண்டைக்கு வருவார். இதில் சிக்கலானது பக்கலா, உப்புப் போட்டுக் காயவெச்ச காட் மீன், நம்ம கருவாடுதான். ரெண்டு மூணு நாள் தண்ணி மாத்தி மாத்தி ஊறவைக்கணும். முதல் வருஷம் நான் ஒரு ராத்திரியோட நிறுத்திட்டேன். யாரும் எதுவும் சொல்லலை, தண்ணி ஜாடி மட்டும் நாலு தடவை நிரம்பிச்சு.

நாங்க சைவம். எங்களுக்கு ஏதாவது?

மார்ச் 19, இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் திருநாளைப் பிடிச்சுக்கோங்க. ஈஸ்டருக்கு முந்தின நோன்பான தவக்காலத்தில் வர்றதால கறி இருக்காது. வறுத்த ரொட்டித் தூளைப் பாஸ்தா மேல தூவுவாங்க. சூசையப்பர் தச்சராச்சே, அது அவர் பட்டறை மரத்தூளாம்! பூண்டு, ஆலிவ் எண்ணெய், மிளகாய் போதும், பத்து நிமிஷ வேலை.

வீட்டில் இத்தாலி ஸ்டைல் கொண்டுவர என்ன வாங்கலாம்?

அடுப்பில் வெச்சுக் காபி போடுற மோக்கா பாட் ஒண்ணு. 1933-ல் பியலெத்தி கொண்டுவந்த எட்டுப் பட்டை அலுமினியக் கூஜா. காபித் தூளை அழுத்தி அடைக்காதீங்க. மத்தபடி செலவே வேண்டாம். பாஸ்தா வேகிற தண்ணியில் எண்ணெய் ஊத்துறதை நிறுத்துங்க, சாஸ் ஒட்டாது. கொஞ்சம் நறுக்குன்னு இருக்கும்போதே எடுத்து, வடிச்ச தண்ணி ஒரு கரண்டியோட சாஸிலேயே வேக வைங்க.

மாமியாரோட மீட்பால் அளவு கிடைக்குமா?

அரைக் கிலோ கறிக்குப் பாலில் ஊறின பழைய ரொட்டி ரெண்டு துண்டு, ஒரு முட்டை. சீஸ் எவ்வளவுன்னு கேட்டேன். "குவாந்தோ பாஸ்தா" என்றார். சாப்பிடுற பாஸ்தா இல்லைங்க, வேணுங்கிற அளவாம். என் பாட்டியும் உப்புக்கு இதையேதான் சொல்வாள்.