பொந்தை விட்டுத் தள்ளி நில்லுங்கள்: மரங்கொத்திக் கேள்விகள்

மரங்கொத்தியைத் தேட எந்த மாதம் நல்லது? (கோவை)

மாசி, பங்குனி. முதுமலை போன்ற இலையுதிர் காடுகளில் மரங்கள் அப்போது மொட்டையாக நிற்கும். இலவம் பூத்திருந்தால் அதன் பக்கம் காத்திருங்கள்; தேன் குடிக்க மரங்கொத்தியும் வரும். பொந்தைத் தேடி அலைய வேண்டாம்.

சத்தம் கேட்கிறது, பறவையைக் காணோம். (சத்தியமங்கலம்)

படபடவென்று ஒரே மூச்சில் முழங்கினால் அது எல்லை அறிவிப்பு. பட்டுப்போன கிளைகளில் பாருங்கள். விட்டுவிட்டுத் தட்டினால் இரை தேடுகிறது. அப்போது அடிமரத்திலிருந்து பார்வையை மேலே கொண்டுபோங்கள். அதுவும் பெரும்பாலும் கீழிருந்துதான் ஏறும்.

படம் கலங்கலாக வருகிறது, என்ன செய்ய? (ஈரோடு)

என்ன லென்ஸ், என்ன ஷட்டர் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. இப்படிக் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? முழங்கும்போது தலை நொடிக்கு ஏறத்தாழ இருபது தடவை போய்வரும். ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் கீழே இறங்காதீர்கள், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) ஏறினால் ஏறட்டும். இரண்டு முழக்கத்துக்கு நடுவே தலையைப் பின்னுக்கு இழுத்து அசையாமல் நிற்கும் கணத்தில் 1/500 போதும். ஃபோகஸுக்கு ஒற்றைப் புள்ளி, அதுவும் கண்மேல். இல்லாவிட்டால் மரப்பட்டையின் சொரசொரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும்.

வானம் பின்னணியில் பறவை கறுத்துவிடுகிறது. (மதுரை)

எக்ஸ்போஷரை +1 கூட்டுங்கள்.

தோப்பில் பார்ப்பதும் காட்டில் பார்ப்பதும் ஒரே பொன்முதுகு மரங்கொத்திதானா? (பொள்ளாச்சி)

வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே பாருங்கள். கறுப்பாக இருந்தால் தோப்பில் வழக்கமாகப் பார்ப்பது. சிவப்பாக இருந்தால் வேறு இனம். பின்கழுத்து வெள்ளை, கண்ணும் வெளிர்நிறம் என்றால் பெரிய பொன்முதுகு.

பொந்தைக் கண்டுபிடித்துவிட்டேன். போனில் குரலைப் போட்டால் வெளியே வருமா? (நீலகிரி)

வரும். அதனால்தான் போடாதீர்கள் என்கிறேன். எதிரி ஒருவன் எல்லைக்குள் புகுந்துவிட்டான் என்று நினைத்து, முட்டையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. உங்களுக்கு ஒரு படம். அதற்கு அடைகாப்பு கெட்டது. அடுத்தவரும் வந்து அதே குரலைப் போடுவார், அவருக்கு அடுத்தவரும் போடுவார். மைனாவும் கிளியும் அந்தப் பொந்தைப் பிடிக்கச் சமயம் பார்த்துக்கொண்டிருக்கும். வாய் நிறைய இரையோடு பக்கத்து மரத்தில் ஒட்டிக்கொண்டு, ஆட்கள் நிற்பதால் பொந்துக்கு வராமல் தலையை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பும் தாய்ப்பறவையைப் பார்த்திருக்கிறேன். உள்ளே குஞ்சுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. சுற்றிப் பத்துப் பேர் ட்ரைபாடோடு நின்றார்கள். பொந்தை மறைத்த கிளையை வெளிச்சத்துக்காக ஒருவர் வெட்டியும் விட்டார். அந்தக் கிளைதான் குஞ்சுகளுக்கு மறைப்பும் நிழலும்!

முப்பது மீட்டராவது தள்ளி நில்லுங்கள். இரையோடு வந்த பறவை உள்ளே போகத் தயங்கினால் உடனே கிளம்புங்கள். ஃபிளாஷ் வேண்டாம். பொந்து இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

செந்நிற மரங்கொத்தி எறும்புக் கூட்டில் முட்டையிடும் என்பது உண்மையா? (குற்றாலம்)

உண்மை. மரத்தில் பந்துபோல எறும்புகள் கட்டும் கூட்டைக் குடைந்து, எறும்புகள் உள்ளே இருக்கும்போதே முட்டையிடும். எறும்புக் கூடு என்றாலும் அதற்கு அதுதான் பொந்து. மேலே சொன்ன முப்பது மீட்டர் இங்கேயும் உண்டு.