கைபேசியில் இணையம் வருகிறது, கணினியில் மட்டும் ஏன் வரவில்லை?

புதிய வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் போட்டபின் கணினியில் எந்தத் தளமும் திறக்கவில்லை, அதே வைஃபையில் கைபேசி வேலை செய்கிறது என்கிறீர்கள். அப்படியானால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம். மென்பொருளில் தளங்களைச் சோதிக்கும் பகுதியான இணையக் கவசத்தைப் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். தளங்கள் திறந்தால் குற்றவாளி அதுதான்.

கொக்குவிலில் அக்கா வீட்டுக் கணினியிலும் இதே சிக்கல். பழையதை நீக்காமலே புதியதைப் போட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே தரவை மறித்து வடிகட்ட, பக்கம் வெள்ளையாகவே நின்றது. மேலே வட்டம் மட்டும் சுழன்றது. பழையதைக் கண்ட்ரோல் பேனலில் நீக்கியும் அதன் வடிகட்டி, கணினியை வைஃபையுடன் இணைக்கும் அடாப்டரின் பண்புகளில் ஒட்டிக்கொண்டிருந்தது! தயாரித்த நிறுவனமே தரும் அகற்றும் கருவியை ஓட்டி, மறுதொடக்கம் செய்த பிறகே சரியானது.

விண்டோஸ் 10, 11 என்றால் இரண்டையும் நீக்கினாலும் அதிலேயே உள்ள வைரஸ் எதிர்ப்பான டிஃபெண்டர் தானாகவே காவலுக்கு வந்துவிடும். கவசத்தை மட்டும் நிரந்தரமாக நிறுத்தி வைத்துவிடாதீர்கள்.