முகாமில் வளரும் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பதிவுசெய்ய எங்கிருந்து தொடங்குவது?

ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கேமராவை அப்புறம் எடுக்கலாம், முதலில் பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள்.

காரணம் சட்டம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகிவிட்டது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024-இல் வாக்களித்தார். அவருக்குப் பின் சில ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்களில், பெற்றோர் இருவருமே அகதிகளாக இருப்பவர்களுக்கு அந்த வழி இல்லை. சில அண்டை நாடுகளிலிருந்து வந்தோருக்குக் குடியுரிமை தரும் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. இலங்கையையே பார்த்திராத பிள்ளையை 'இலங்கையர்' என்று எழுதிவைப்பது அநியாயம்.

சரி, பேச்சுக்கு வருவோம். போரைப் பற்றிக் கேட்காதீர்கள். அது தாத்தா பாட்டியின் நினைவு. பள்ளிப் படிவத்தில் 'நாடு' என்ற இடத்தில் என்ன எழுதினார்கள், பிளஸ் டூவுக்குப் பின் என்ன படிக்க ஆசை என்று கேளுங்கள். உள்ளே போக அதிகாரிகளின் அனுமதி வேண்டும். பெற்றோரிடம் மட்டுமல்ல, பிள்ளையிடமும் சம்மதம் கேளுங்கள். முகம், பெயர், வீட்டு எண் எதையும் வெளியிடாதீர்கள். ஒலிப்பதிவின் ஒரு பிரதியை அந்தக் குடும்பத்திடமே கொடுத்துவிடுங்கள்.