டிங்கிளுக்கு வரும் தங்கச்சிக்கு: பப்புக்குப் போகலாமா?

தங்கச்சி, அடுத்த மாதம் அயர்லாந்தில் கெர்ரி கவுண்டியிலுள்ள டிங்கிளுக்கு நர்ஸ் வேலைக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வீடு கிடைக்குமா, குளிர் எப்படி, ஐரிஷ் மொழி தெரிய வேண்டுமா, கூட வேலை பார்ப்பவர்கள் பப்புக்குக் கூப்பிட்டால் குடிக்காத நான் என்ன செய்வது என்று நாலு கேள்வி. வீடு கிடைப்பது கஷ்டம்தான், வேலை தருகிற இடத்திலேயே முதலில் கேளுங்கள். குளிரை விட மழைதான் படுத்தும். குடை காற்றில் நிற்காது, நல்ல மழைக்கோட்டு வாங்குங்கள். ஊரைச் சுற்றி ஐரிஷ் பேசுகிற கிராமங்கள் உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். நான் எழுத உட்கார்ந்தது நாலாவது கேள்விக்காகத்தான்.

போங்கள். கட்டாயம் போங்கள்.

பப் என்றால் பார்தானே, பார் என்றதும் உங்களுக்கு டாஸ்மாக் பக்கத்துத் தகரக் கொட்டகை ஞாபகம் வரும். நான் வளர்ந்த நாகர்கோவிலில் ஒயின் ஷாப் இருந்த தெருவுக்குள்ளேயே எங்களை விடமாட்டார்கள், சுற்றிக்கொண்டுதான் போவோம். அந்தப் பயத்தோடுதான் 2003 நவம்பரில் இங்கே வந்து இறங்கினேன். டிரலீயிலிருந்து வந்த கடைசி பஸ். நல்ல இருட்டு, மழை. சாவியோடு வந்து நிற்பேன் என்று சொன்ன ஏஜென்ட் வரவில்லை. கையில் இந்த ஊர் போன் கிடையாது. தெருவில் விளக்கு எரிந்தது ஒரு இரும்புக்கடையில் மட்டும்தான். ஜன்னலில் பெயிண்ட் டப்பா, எலிப்பொறி, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

இடது பக்கம் நிஜமாகவே இரும்புக்கடை. சின்னச் சின்ன மர டிராயர்கள், ஆணி நிறுக்கிற தராசு. வலது பக்கம் பீர் குழாய்களும் நாலு பெரியவர்களும். ஒரே சிகரெட் புகை. அப்படியே திரும்பப் பார்த்தேன். கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த அம்மா, "கதவைச் சாத்திட்டு உள்ளே வா பொண்ணு, குளிரு வருது" என்றார். கணப்புப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து தன் ஸ்டூலைக் கொடுத்தார். டர்ஃப் என்று சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைக்கிற மண்கட்டியை எரிக்கிற கணப்பு அது, அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. பெரிய குவளையில் பால் விட்ட டீ, வெண்ணெய் தடவிய பழுப்பு ரொட்டி. குடிக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா மூன்று இடத்துக்குப் போன் போட்டார், முக்கால் மணி நேரத்தில் சாவி வந்துவிட்டது.

பழைய ஐரிஷ் சிறு நகரங்களில் பப் அப்படித்தான் இருந்தது. மளிகை, இரும்புச் சாமான், துணி, செருப்பு என்று ஒரு வியாபாரம், அதோடு ஒரு பார். சவ அடக்கக் காரியங்களை ஏற்று நடத்தியவர்களும் உண்டு. வாசலில் அந்தக் குடும்பத்தின் பெயர்தான் பலகை. உள்ளே மரத்தடுப்பு வைத்த சின்ன அறை இருக்கும், ஸ்னக் என்பார்கள். பெண்கள் பொதுவில் உட்காருவதை ஊர் ஒப்பாத காலத்தில் அவர்கள் அதற்குள்தான் இருந்தார்கள். பெண்ணுக்குப் பைன்ட் கிளாஸில் (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கிற பெரிய கிளாஸ்) ஊற்றமாட்டேன் என்று சொல்வது 2000-இல் வந்த சமத்துவச் சட்டத்துக்குப் பிறகுதான் செல்லாமல் போனது. ஆகவே, பெண் பார் பக்கம் போகலாமா என்று கேட்டவர்கள் நாம் மட்டுமில்லை.

குடிக்காதவர் என்றால் மினரல் என்று கேளுங்கள். தண்ணீர் வராது, நம்மூர்க் கலர் வரும். ஆனால் ரவுண்டு விஷயத்தில் கவனம். நாலு பேர் போனால் ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த முறை அடுத்தவர். உங்கள் முறை வருவதற்குள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அந்தக் கெட்ட பெயர் ஊரில் போகவே போகாது. நீங்கள் கலர் குடித்தாலும் உங்கள் ரவுண்டை வாங்கியே ஆக வேண்டும். இல்லை, எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், தப்பில்லை. யாராவது கின்னஸ் என்ற கறுப்பு பீர் கேட்டால், ஊற்றுபவரை அவசரப்படுத்தாதீர்கள். முக்கால் கிளாஸ் பிடித்து, நுரை மேலே ஏறுகிற வரை அப்படியே வைத்திருந்து, பிறகுதான் நிரப்புவார்கள். டிகாக்‌ஷன் இறங்கக் காத்திருக்கிற பொறுமை வேண்டும். மூலையில் பிடிலும் அக்கார்டியனும் வாசிப்பவர்களின் இருக்கையில் உட்காராதீர்கள். ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு வாத்தியம் இல்லாமல் ஐரிஷில் பாட ஆரம்பித்தால் வாயைத் திறக்கவே கூடாது.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் அந்த இடத்தில் டீ குடித்ததைப் பார்த்த ஒரு தமிழ்க் குடும்பம், "உங்க மகள் பார்ல உட்கார்ந்திருக்கா" என்று நாகர்கோவிலுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இப்படிப் பேசுகிறவர்கள்தான் பதினைந்து வருடம் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல், இந்த ஊர்க்காரர்கள் ஒட்டமாட்டார்கள் என்று குறை சொல்வார்கள். எனக்கு வீடு, பழைய கார், பிள்ளைக்கு ஸ்கூல் எல்லாம் அந்தக் கவுன்ட்டரில் கேட்டுத்தான் அமைந்தது.

அந்தப் புகை, நான் வந்த நாலே மாதத்தில் போனது. 2004 மார்ச் 29 முதல் வேலை செய்யும் இடங்களில் புகைக்கக் கூடாது என்று தடை வந்தது, நாடு முழுக்க இப்படிச் செய்தது உலகத்திலேயே முதலில் அயர்லாந்துதான். 2011-இல் வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் இருக்கலாம் என்ற மது அளவை 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்தார்கள். சட்டம் சரி, அடிபட்டு வந்தவர்களைப் பார்த்த கை இது. ஆனால் மலைப்பக்கத்துப் பண்ணைகளுக்கு ராத்திரி பஸ்ஸும் விட்டிருக்க வேண்டும். எனக்கு ஸ்டூல் கொடுத்த பெரியவர் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து ஒன்றரை பைன்ட் குடித்துவிட்டுப் போவார். வருவது நின்றுபோனது. கடைசி இரண்டு வருடம் அவர் யாரோடு பேசினாரோ. ரேடியோ கெர்ரியில் தினமும் இறந்தவர்கள் பெயர் வாசிப்பார்கள், அந்த நேரத்தில் பப்பே அமைதியாகிவிடும். அவர் பெயரை நான் அங்கேதான் கேட்டேன். அந்த அம்மா ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

2020 மார்ச் 15-இல் கோவிடுக்காக எல்லா பப்பையும் மூடச் சொன்னார்கள். எங்கள் இரும்புக்கடை பப் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. 2005-க்குப் பிறகு நாடு முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட பப்புகள் போய்விட்டன. ஒரு சிற்றூர் பப்பின் மது உரிமத்தை வாங்கி வேறு கவுண்டியில் சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகவும் அதே 2000-இல் வந்த மது உரிமச் சட்டம் இடம் தருகிறது. எங்கள் இரும்புக்கடையில் இப்போது சுற்றுலாக்காரர்கள் வார வாடகைக்குத் தங்குகிறார்கள், பலகை மட்டும் அப்படியே இருக்கிறது. சாமான்களை விற்றபோது அந்த அம்மா எனக்கு ஆறு டிராயர் உள்ள ஒரு பெட்டியைக் கொடுத்தார். அதில்தான் கடுகும் சீரகமும் வைத்திருக்கிறேன். வெந்தய டிராயரின் இடுக்கில் ஒரு பித்தளைத் திருகாணி இன்னும் கிடக்கிறது.

டிங்கிளில் அந்த மாதிரி பப்புகள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. ஃபாக்ஸி ஜான்ஸில் ஒரு பக்கம் இன்றைக்கும் இரும்புச் சாமான்தான். கிரீன் ஸ்ட்ரீட்டில் தேவாலயத்துக்கு எதிரே டிக் மேக்ஸ், ஒரு பக்கம் தோல் வேலை, மறுபக்கம் பார். கோடையில் கூட்டம் நெரியும், நவம்பரில் போனால் பழைய மாதிரி இருக்கும். வந்து இறங்கியதும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். முதல் ரவுண்டு என்னுடையது.