99 சதவீதம் தூய்மை: எதில் 99?

நினைவாற்றல், கவனம் என்ற பெயரில் இணையத்தில் விற்கும் பொடிகள், மாத்திரைகள் குறித்து வந்த கேள்விகளுக்கு, பகுப்பாய்வுக்கூடத்தில் பணியாற்றும் வேதியியலர் ஒருவர் தரும் பதில்கள்.

ஐயா, ஆல்ஃபா ஜி.பி.சி. (கோலின் வகைச் சேர்மம்) பொடி விற்பவர் ஆய்வுச் சான்றிதழையும் வெளியிட்டிருக்கிறார். 'எச்.பி.எல்.சி., புற ஊதா, 99.2 சதவீதம்' என்று இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

எதில் 99.2 என்று கேளுங்கள். எச்.பி.எல்.சி. கருவி கரைசலில் உள்ளவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகடு வரையும். புற ஊதா உணரி பொருத்தியிருந்தால், அந்த ஒளியை உறிஞ்சும் பொருள்கள் மட்டுமே அதற்குத் தெரியும். தெரிந்த முகடுகளின் மொத்தப் பரப்பில் உங்கள் பொருளின் பங்குதான் அந்த 99.2. பொடியில் கால்வாசி ஈரமும் உப்புமாக இருந்தாலும் எண் அசையாது. ஈயமும் காட்மியமும் அதன் கண்ணில் படாது. எடையில் எவ்வளவு உண்மையான பொருள் என்று அறிய, தூய்மை உறுதிசெய்யப்பட்ட ஒப்பீட்டு மாதிரியுடன் அளக்க வேண்டும். அந்த எண் சான்றிதழில் தனியாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் ஆல்ஃபா ஜி.பி.சி.யோ புற ஊதாவை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. அதற்கு இந்த முறையில் 99.2 போட்டவரிடம் நான் எதையும் வாங்க மாட்டேன்.

மற்றபடி, சான்றிதழில் உள்ள தொகுதி எண்ணும் புட்டியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். ஆய்வுக்கூடத்தின் பெயர் இருந்தால், சான்றிதழ் எண்ணைச் சொல்லி அவர்களிடமே கேளுங்கள். பெயரே இல்லை என்றால் கேட்க என்ன இருக்கிறது?

நீர்ப்பிரமிச் சாற்றில் ஒருவர் 50 சதவீதம் பேக்கோசைடு (அந்த மூலிகையின் முக்கியச் சேர்மங்கள்) என்கிறார். இன்னொருவர் 20 சதவீதம்தான் என்கிறார், ஆனால் விலை அதிகம். யார் ஏமாற்றுகிறார்கள்?

இருவருமே ஏமாற்றாமல் இருக்கலாம். கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்க்கும் நிறமாலைமானியில் மொத்தமாக அளந்தால், பேக்கோசைடு அல்லாதவையும் கணக்கில் ஏறிவிடும். எச்.பி.எல்.சி.யில் பெயர் தெரிந்த சேர்மங்களைத் தனித்தனியே அளந்து கூட்டினால், அதே பொடிக்கு எண் வெகுவாகக் குறையும். முறை ஒன்றாக இல்லாத இரண்டு எண்களை ஒப்பிடாதீர்கள்.

உண்மையான ஏமாற்று ஜின்கோ மர இலைச் சாற்றில் நடக்கிறது. தரமான சாற்றில் ஃபிளேவனால் கிளைக்கோசைடுகள் என்ற சேர்மங்கள் 24 சதவீத அளவில் இருக்க வேண்டும். அதைச் சிதைத்து குவெர்செட்டின், கேம்ஃபெரால், ஐசோராம்னெட்டின் என்ற மூன்றையும் அளந்துதான் கணக்கிடுவார்கள். சிதைத்தால் குவெர்செட்டின் தரும் மலிவான ரூட்டினைக் கலந்தால் குவெர்செட்டின் ஏறி, மொத்தமும் சரியாகிவிடும். ஆகவே மொத்தத்தை விடுத்து மூன்றின் விகிதத்தைப் பார்க்க வேண்டும். 2008இல் சீனாவில் பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமினைக் கலந்ததும் இதே தந்திரம்தான்: புரதத்துக்குப் பதிலாக நைட்ரஜனை அளந்த சோதனை ஏமாந்தது.

மூலிகை மாத்திரைக்கு டி.என்.ஏ. சோதனை போதாதா?

அரைத்த இலைக்கு உதவும். சாறாக்கியதில் டி.என்.ஏ. சிதைந்தோ நீங்கியோ போயிருக்கும். 'கிடைக்கவில்லை' என்பதற்கு 'மூலிகை இல்லை' என்று பொருளாகாது.

லயன்ஸ் மேன் காளான் பொடியை வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

ஒரே ஒரு விஷயத்தைச் சோதிக்கலாம். தானியத்தில் வளர்த்த பூசண இழையைத் தானியத்தோடு அரைத்து விற்பவர்கள் உண்டு. சிறிது பொடியை நீரில் கொதிக்கவைத்து ஆறியபின் அயோடின் சொட்டுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து இருக்கிறது. காளானில் மாவுச்சத்து கிடையாது. நிறம் மாறாவிட்டால் நல்ல பொடி என்று எண்ணிவிடாதீர்கள். நாக்கில் வைத்துப் பார்ப்பது சோதனையே அல்ல.

பத்துப் பொருள்கள் கலந்த மாத்திரையை நானே ஆய்வுக்கு அனுப்ப நினைக்கிறேன். என்ன கேட்க வேண்டும்?

'தூய்மை பாருங்கள்' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். முதலில் இனங்காணல், பிறகு ஒவ்வொன்றின் அளவு, பிறகு ஐ.சி.பி.-எம்.எஸ். முறையில் கன உலோகங்கள். புட்டியின் சீட்டில் சொல்லாத மருந்துகளையும் நிறைநிறமாலையில் (மூலக்கூறுகளை நிறையைக்கொண்டு இனங்காணும் முறை) தேடச் சொல்லுங்கள்; கேட்காததை ஆய்வுக்கூடம் தேடாது. அமெரிக்காவில் 2020இல் வெளியான ஓர் ஆய்வு, இணையத்தில் விற்ற 10 பொருள்களில் ஃபெனிபட், வின்போசெட்டின் உட்பட அங்கு அனுமதி பெறாத 5 மருந்துகளைக் கண்டது. ஃபெனிபட் பழக்கமாகிவிட்டால், திடீரென நிறுத்துவது ஆபத்து.

ஹூப்பர்சைன் என்ற தாவரச் சேர்மம் இருந்தால் மாத்திரைகளைத் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். மைக்ரோகிராம் அளவிலான பொருள் சீராகக் கலப்பது கடினம். சராசரி சரியாக இருந்தும் ஒரு மாத்திரையில் இரட்டிப்பாக இருக்கலாம்.

எல்லாம் தூய்மை என்று வந்துவிட்டால் நினைவாற்றல் கூடுமா?

அதை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. மருத்துவரைக் கேளுங்கள்.

ஒருமுறை சோதித்துச் சரியாக இருந்தால், அதே விற்பனையாளரிடம் தொடர்ந்து வாங்கலாமா?

முடிவு அந்தத் தொகுதிக்கு மட்டுமே உரியது. அடுத்த தொகுதிக்கு மூலப்பொருளை வேறு ஆலையிலிருந்து வாங்கியிருக்கலாம், புட்டியும் சீட்டும் மாறாமலே.